வெறும் பாறையில் என்ன இருக்கிறது? சஹ்யாத்ரி பூக்களுக்குக் கணக்கு எழுதிய பாதிரியார் சந்தாபாவின் கதை

புனேயிலோ மும்பையிலோ வேலை பார்க்கிறீர்கள் என்றால், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கண்டாலா, லோனாவாலா பக்கம் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்பிரஸ்வேயில் இரண்டு மணி நேர டிராஃபிக், சுடச்சுட பஜ்ஜி, சுட்ட சோளம், அப்புறம் மேகத்துக்குள் நின்று நாலு செல்ஃபி. அப்போது நீங்கள் நின்றது ஒரு கருப்புப் பாறை மேல். கால் வழுக்கியிருக்கும். பாறையின் குழிகளில் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பொடிப்பொடியாக ஏதோ பூத்திருக்கும். புல் என்று நினைத்து மிதித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்தப் பொடிப் பூக்களுக்கு என்ன பெயர், எந்த மாதம் பூக்கும், எந்தப் பாறை இடுக்கில் இருக்கும் என்று உட்கார்ந்து பட்டியல் எழுதிய ஒருவர் இருந்தார். ஸ்பெயினில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். இந்தியக் குடிமகனாகவே மாறி, பம்பாயில் இறந்தவர். ஹெர்மெனகில்ட் சந்தாபாவ் என்பது அவர் பெயர். தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். மற்றவர்களுக்கு? பாறையில் பூக்கும் செடிகளுக்கு இருக்கிற அளவு புகழ்தான் அவருக்கும்.

யார் இந்த சந்தாபாவ்?

1903 டிசம்பர் 5-ஆம் தேதி, ஸ்பெயினின் தாராகோனா மாகாணத்தில் லா கலேரா என்ற சிற்றூரில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து, 1928-இல் இந்தியா வந்தார். ஸ்பானியர் ஏன் பம்பாய்க்கு வரவேண்டும் என்று கேட்கலாம். முதல் உலகப்போர் வரை பம்பாயில் சேசு சபைப் பணி ஜெர்மானியர் கையில் இருந்தது. போர் வந்ததும் ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். அவர்கள் போன இடத்துக்கு ஸ்பானியர்கள் வந்தார்கள். சிந்து சமவெளி எழுத்துகள் திராவிட மொழியைச் சேர்ந்தவை என்று வாதாடிய ஹென்றி ஹெராஸ் பாதிரியார் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு இன்றும் மரியாதை உண்டு. அவரும் இதே அலையில் பம்பாய்க்கு வந்த ஸ்பானியர்தான். இருவரும் பாடம் நடத்தியதும் ஒரே கல்லூரியில், புனித சேவியர் கல்லூரியில்.

அந்தக் கல்லூரிக்குச் செடி சேகரிக்கும் பாரம்பரியம் ஏற்கெனவே இருந்தது. எத்தல்பெர்ட் பிளாட்டர் என்ற சுவிஸ் பாதிரியார் தொடங்கிவைத்தது அது. பறவை மனிதர் சலீம் அலியை விலங்கியல் படிக்கச் சொல்லித் தள்ளிவிட்டவரும் இதே பிளாட்டர்தான். 1934-இல் அவர் இறந்தார். அவர் பெயரால் இன்றும் அந்தக் கல்லூரியில் பிளாட்டர் ஹெர்பேரியம் இயங்குகிறது.

சந்தாபாவ் 1930-களில் லண்டன் போய்த் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கியூ தாவரவியல் பூங்காவின் சேகரிப்புகளில் வேலை செய்தார். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய தாய்நாடு உள்நாட்டுப் போரில் சிதறிக்கொண்டிருந்தது. 1940-இல், அடுத்த உலகப்போர் மூண்டிருந்த நேரத்தில், பம்பாய் திரும்பி புனித சேவியர் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை என்பது பெரும்பாலும் சஹ்யாத்ரி மலைதான்.

சரி, பாறையில் அப்படி என்ன இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் சந்தாபாவ் செய்த வேலையின் கனம் தெரியாது. அதனால் கொஞ்சம் பாறைக்குள் போய் வருவோம்.

மகாராஷ்டிரத்து மலைகள் கிட்டத்தட்ட 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்ததால் உருவானவை. பசால்ட் என்ற கருங்கல். ஒவ்வொரு அடுக்கும் ஒரு படி மாதிரி. மேலே தட்டையான மேசை, பக்கத்தில் செங்குத்தான சுவர். அந்த மேசைப் பரப்பை மராத்தியில் சடா என்கிறார்கள். மேற்பரப்பில் பசால்ட் சிதைந்து செம்பாறையாக மாறிய இடங்களும் உண்டு.

அங்கே மண் என்பது பல இடங்களில் விரலளவு ஆழம்தான். மரம் வேர்விட முடியாது. மரம் இல்லை என்றால் நிழல் இல்லை. நிழல் இல்லை என்றால், காட்டுக்குள் பிழைக்க முடியாத குட்டைச் செடிகளுக்கு முழு வெயிலும் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டோ கொட்டென்று மழை. கண்டாலா, லோனாவாலா வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். சென்னையில் பெய்வது சுமார் 1,400. ஆனா அக்டோபர் முடிந்ததும் அதே பாறை காய்ந்து, ஏப்ரலில் தோசைக்கல் ஆகிவிடும். நான்கு மாதம் சதுப்பு நிலம், எட்டு மாதம் பாலைவனம். ஒரே இடத்தில்!

இந்த இரண்டையும் சமாளிக்கும் செடி சாதாரணச் செடியாக இருக்க முடியாது. ஒரு கூட்டம் அவசரக்காரர்கள். மழை வந்ததும் முளைத்து, பூத்து, விதை போட்டு, மழை நிற்பதற்குள் செத்துப்போகும். வெள்ளைப் பொத்தான் போலப் பூக்கும் எரியோகாலான்கள், காசித்தும்பையின் சொந்தக்காரர்கள், மிக்கி மவுஸ் முகம் போல மஞ்சளாய்ப் பூக்கும் ஸ்மிதியா எல்லாம் இந்த ரகம். இன்னொரு கூட்டம் நிலத்தடிக்காரர்கள். கிழங்கை இடுக்கில் பதுக்கிவைத்துவிட்டு மேலே காய்ந்துபோகும். தரை ஆர்க்கிட்கள் பலவும் இப்படித்தான்.

மூன்றாவது கூட்டம் அசைவம். மழை பாறையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் நைட்ரஜன் போன்ற சத்து தங்காது. அதனால் பூச்சியைப் பிடித்துச் சாப்பிடும் செடிகள் இங்கே செழிக்கின்றன. நீங்கள் மிதித்த அந்த ஊதாப் பூ பெரும்பாலும் யூட்ரிகுலேரியாவாக இருக்கும். மேலே பார்க்க அவ்வளவு சாது. கீழே ஈரத்துக்குள் கடுகைவிடச் சின்னப் பைகளை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வரும் நுண்ணுயிர்களை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும்.

நான்காவது கூட்டம்தான் ஆச்சரியம். தன் நீர்ச்சத்தில் 95 சதவீதம் வரை இழந்து, சருகாகி, தொட்டால் நொறுங்கும் நிலையில் கிடந்துவிட்டு, மழை பட்டதும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ பச்சையாகிவிடும் செடிகள். புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அண்மையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இப்படிப்பட்ட 62 இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதற்கு முன் தெரிந்திருந்தவை 9 மட்டுமே. இவற்றில் பெரும்பாலானவை வாழ்வது பாறைகளில்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு பாறை மேசைக்கும் அடுத்த பாறை மேசைக்கும் நடுவே காடும் பள்ளத்தாக்கும் கிடக்கின்றன. செடியின் கண்ணில் ஒவ்வொரு மேசையும் கடலுக்கு நடுவில் ஒரு தீவு. தீவுகளில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். வேறெங்கும் இல்லாத இனங்கள் உருவாகும். சில இனங்கள் உலகத்திலேயே நாலைந்து மலைகளில் மட்டும் இருக்கும்.

கண்டாலாவும் புரந்தரும்

இப்போது சந்தாபாவுக்கு வருவோம். 1940-களில் பம்பாய் மாகாணத்துச் செடிகளைப் பற்றி அறிய ஒரே பெரிய துணை தியோடர் குக் எழுதிய நூல். 1901 முதல் 1908 வரை வெளிவந்தது. மாகாணமோ பிரம்மாண்டமானது. ஒரு மலையில் ஒரு செடி இருக்கிறதா இல்லையா, எத்தனை இருக்கிறது என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடைக்காது. அதற்கு ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும்.

பாறைச் செடி விஷயத்தில் இது இன்னும் கட்டாயம். ஒரு மரத்தை ஜனவரியில் தவறவிட்டால் மார்ச்சில் பிடிக்கலாம், அது எங்கேயும் ஓடாது. மூன்று வாரம் மட்டுமே தலைகாட்டும் செடியைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். அதுவும் அது தலைகாட்டுவது கொட்டும் மழையில். செடியைக் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தால்தான் ஹெர்பேரியத்தில் சேர்க்க முடியும். மழைக்காலத்தில் காகிதமே காயாது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போச்சு.

இப்படிச் சேர்த்த கண்டாலா பட்டியல் 1953-இல் நூலாக வந்தது. அடுத்து 1950-களின் பிற்பாதியில் புரந்தர் மலையின் பட்டியல். இந்த இரண்டு இடத் தேர்வையும் கவனியுங்கள். கண்டாலா மலை முகட்டில், மழை நேராக மோதும் இடம். புரந்தர் புனேக்குத் தென்கிழக்கில், முகட்டைத் தாண்டி மழை குறையும் பக்கம். ஒரே பசால்ட் பாறை, இரண்டு விதமான மழை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மழை குறையக் குறைய எந்தச் செடி விலகுகிறது, எது வந்து சேர்கிறது என்று தெரியும். என்னைக் கேட்டால், அவருடைய பதவிகள், விருதுகள் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு நூல்கள்தான் பெரிய சொத்து.

அவருக்குப் பிடித்த இன்னொரு விஷயம் கார்வி. நம்ம ஊர் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கார்வி அதே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரச் செடி. ஆனா சுற்று கிட்டத்தட்ட 8 ஆண்டு. மலைச்சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூத்து, விதைத்து, கூட்டமாகச் செத்துப்போகும். அதன் தண்டை வைத்துத்தான் சஹ்யாத்ரி கிராமத்தினர் குடிசைச் சுவர் கட்டினார்கள். எந்த மலையில் எந்த ஆண்டு பூத்தது என்று குறித்துவைத்து, இந்தக் கூட்டப் பூப்பைப் பற்றி எழுதியவர்களில் சந்தாபாவ் முக்கியமானவர். கார்வி சேர்ந்திருக்கும் அகாந்தேசி குடும்பம் முழுவதையும் பம்பாய் மாகாண அளவில் 1951-இல் தொகுத்தார். குறிஞ்சியும் இந்தக் குடும்பம்தான், நம் வீட்டுக் கனகாம்பரமும் இந்தக் குடும்பம்தான்.

கோட்டைச் சுவருக்குக் கீழே ஒரு செடி

புரந்தர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1665-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஞாபகம் வரும். சிவாஜிக்கும் முகலாயத் தளபதி ஜெய்சிங்குக்கும் நடந்தது. சம்பாஜி பிறந்ததும் இந்தக் கோட்டையில்தான். செங்குத்துப் பாறைச் சுவர் இருக்கிற மலையாகப் பார்த்துத்தான் மராத்தியர்கள் கோட்டை கட்டினார்கள். எதிரி ஏற முடியாது என்பதால். எதிரி ஏற முடியாத இடத்தில் ஆடும் ஏற முடியாது. அதனால் கீழே மேய்ச்சலில் அழிந்துபோன செடிகள் சில, கோட்டைப் பாறைகளில் தப்பித்துக் கிடக்கின்றன.

அதில் ஒன்று ஃப்ரேரியா இண்டிகா. 1860-களில் டால்செல் என்பவர் விவரித்து, அப்போதைய பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேரின் பெயரை வைத்தார். தென் மாவட்டக்காரர்கள் கள்ளிமுளையானைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அதன் நெருங்கிய சொந்தம் இது. கள்ளிமுளையானுக்குச் சொல்லிக்கொள்ளும்படி இலை கிடையாது, சதைப்பற்றான தண்டுதான். ஆனா ஃப்ரேரியாவுக்கு ஒழுங்கான இலை உண்டு. மழையில் இலைவிட்டு, கோடையில் உதிர்த்துவிட்டு வெறும் தண்டாகத் தொங்கும். சிவ்னேரி, புரந்தருக்குப் பக்கத்துத் துணைக்கோட்டையான வஜ்ரகட், சஜ்ஜன்கட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கிறது. எல்லாமே பாறைச் சுவர்கள்.

இந்தச் செடியின் குடும்பத்தையும் சந்தாபாவ் விடவில்லை. தன் சக ஆய்வாளர் என்.ஏ. இரானியுடன் சேர்ந்து 1962-இல் பம்பாய் வட்டாரத்து எருக்கு இனங்களைத் தொகுத்தார். செரோபீஜியா என்ற வகை இதில் முக்கியம். பூ ஒரு சின்னக் குடுவை. உள்ளே விழும் ஈயைக் கொல்லாது. உள்ளே இருக்கும் மயிர்கள் வாடும் வரை அடைத்துவைத்து, மகரந்தத்தைத் தலையில் கட்டி அனுப்பிவிடும். இந்தியாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செரோபீஜியாக்கள் உண்டு, பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில். அதில் ஒன்றுக்குப் பிற்பாடு செரோபீஜியா சந்தாபாவி என்றே பெயர் வைத்தார்கள்.

மதுரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென் தமிழகத்தில் காணப்படும், மதுரைப் பெயரைச் சுமக்கும் ஒரு சிறு செடியைத் தனிப் பேரினமாகப் பிரித்து 1960-களில் சந்தாபாவா மதுரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதை நீர்முள்ளி இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். தாவரவியலில் இதெல்லாம் சகஜம். பாதிரியார் பெயர் போச்சு, மதுரை மட்டும் நிற்கிறது.

ஜானகி அம்மாள் ஏன் கசந்துபோனார்?

சந்தாபாவ் கதையை வெறும் புகழ்மாலையாக முடிக்க முடியாது. இந்த இடத்தில் இன்னொருவர் நிற்கிறார்: இ.கே. ஜானகி அம்மாள்.

1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மிச்சிகனில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி ஆய்வில் பெயர் எடுத்தவர். சிரில் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் அவர் வெளியிட்ட குரோமோசோம் நூல் உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தில் இருந்தவரை இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும்படி நேருவே அழைத்தார். 1890-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சுதந்திரத்தின்போது பெயரளவுக்குத்தான் உயிரோடு இருந்தது. ஜானகி அம்மாள் 1952-இல் சிறப்பு அதிகாரியாகப் பொறுப்பேற்றுத் திட்டம் தீட்டினார்.

1954-இல் நிறுவனம் மறுபிறவி எடுத்தபோது தலைமைத் தாவரவியலாளர் பதவி சந்தாபாவுக்குப் போனது.

ஜானகி அம்மாள் தன் வருத்தத்தை டார்லிங்டனுக்குக் கடிதமாக எழுதினார். தனக்குப் பதவி கிடைக்கவில்லை என்பது மட்டும் அவருடைய ஆதங்கம் இல்லை. இந்தியத் தாவரவியல் மறுபடியும் கியூவின் பிடிக்குள் போகிறது என்பதுதான்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏன் என்று பாருங்கள். ஒரு செடிக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்த உலர்ந்த மாதிரியைப் பார்த்து வைத்தார்களோ, அதுதான் அந்தப் பெயருக்கான மூல மாதிரி. பெயர் சரியா தவறா என்று தீர்மானிக்க அதைப் பார்த்தாகவேண்டும். காலனி ஆட்சியில் இந்தியச் செடிகளின் மூல மாதிரிகள் ஏராளமாக லண்டனுக்குப் போயின. ஆக, கண்டாலாவில் பூத்த பூவின் பெயரை உறுதிசெய்ய கியூவுக்குப் போய்வந்திருக்க வேண்டும். போய்வந்தவர்தான் நிபுணர். நிபுணருக்குத்தான் பதவி. ஆன்சைட் போய்வந்தவருக்கே புரமோஷன் என்ற கதை உங்கள் ஆபீஸில் மட்டும் நடப்பதில்லை.

ஆனா சந்தாபாவ் லண்டனிலேயே உட்கார்ந்து அதிகாரம் செய்த ஆளும் இல்லை. மழையில் நனைந்து சேகரித்த மாதிரிகளை அவர் பம்பாயில் சேர்த்தார். மாணவர்களை அந்தந்த வட்டாரத்துக்குப் பட்டியல் எழுத அனுப்பினார். கோயம்புத்தூர், புனே, ஷில்லாங், டேராடூன் என்று வட்டார மையங்கள் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். ஜானகி அம்மாள் வகுத்த சீரமைப்பும் அதில் இருக்கிறது, சந்தாபாவின் உழைப்பும் இருக்கிறது. பதவி ஒருவருக்குத்தான் போயிற்று. அந்த நியமனம் ஜானகி அம்மாளுக்கு இழைத்த அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், கண்டாலா பட்டியலை வேறு யாரும் எழுதியிருக்கவில்லை என்பதும் உண்மை.

பட்டியல் போட்டு என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. பதில் சாதாராவுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது: காஸ் பீடபூமி. செம்பாறைப் பரப்பு. ஏறக்குறைய 850 வகைப் பூக்கும் தாவரங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது காஸும் அதில் இடம்பெற்றது. பக்கத்திலேயே இருக்கும் காஸ் ஏரியிலிருந்துதான் சாதாரா நகரத்துக்குக் குடிநீர் போகிறது. அந்தத் தண்ணீர் இறங்கி வருவது இந்தப் பாறைப் பரப்பிலிருந்து.

காஸுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாப் பாறைக்கும் கிடைக்கவில்லை. அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் பாறை நிலம் ஒரு தனி வகை. அதாவது எதற்கும் பயன்படாத நிலம். தரிசு என்று ஒரு முறை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். சால்கேவாடி மேட்டில் காற்றாலைகள் வந்தன. கோலாப்பூர் பக்கத்துப் பீடபூமிகளில் பாக்சைட் தோண்டினார்கள். சில இடங்களில் பசுமையாக்குகிறோம் என்று குழி வெட்டி மரம் நட்டார்கள். கேட்க நல்ல காரியம்தான். ஆனா பாறையைத் தோண்டி மண் கொட்டினால் அங்கே இருந்த யூட்ரிகுலேரியா போய்விடும், நட்ட மரமும் பெரும்பாலும் பிழைக்காது. இது வெறும் பாறை இல்லை என்று அரசுக் கோப்பில் ஒருவர் எழுதவேண்டும் என்றால், இங்கே இன்னின்ன செடி இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். எண்பது ஆண்டுக்கு முன் இருந்தது இன்று இருக்கிறதா என்று பார்க்கவும் பழைய பட்டியல் வேண்டும்.

சந்தாபாவ் பின்னாளில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் ஆசிரியர் குழுவில் சலீம் அலியோடு இருந்தார். பொதுமக்களுக்காக நேஷனல் புக் டிரஸ்டில் மரங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். 1967-இல் பத்மஸ்ரீ. 1970 ஜனவரி 13-ஆம் தேதி பம்பாயில் காலமானார். ஏ.என். ஹென்றியோடு சேர்ந்து தயாரித்த இந்தியப் பூக்கும் தாவர அகராதி அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1973-இல் வெளிவந்தது.

கண்டாலா போவதாக இருந்தால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் பாறைப் பூக்களுக்கு நல்ல நேரம். காஸுக்கு என்றால் முன்பதிவு செய்யவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. ஷூவைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள். கார்வியைப் பார்க்க ஆசை என்றால் பொறுமை வேண்டும். மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் அது கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2024-இல். கணக்கு தப்பாமல் இருந்தால் அடுத்தது 2032.